படம் முடியட்டும்

நவம்பர் 18

அம்மா வேடத்துக்குப் பேசி வைத்திருந்த சாரதாமணி நடிக்க வரமாட்டாராம். அதையும் அவர் சொல்லவில்லை, அவருடைய மருமகன் சொன்னான். அத்தைக்கு சீரியலில் மாமியார் வேடம் வந்திருக்கிறது, மாதம் முழுக்க வேலை, நீங்கள் எடுப்பது அவார்டு படம்தானே மேடம், கொஞ்சம் தள்ளிப் போட்டால் என்ன என்று கேட்டான். அவார்டு படம் என்பதை யாருக்கோ வந்த தோல் வியாதியைப் போலச் சொன்னான்.

தள்ளிப் போட முடியாது. எனக்கு நாற்பத்தாறு வயது. முதல் படத்தை ஊர் ஊராக விழாக்களில் கைதட்டிப் பார்த்தார்கள், தமிழ்நாட்டில் ஒரு வாரம் காலைக் காட்சி ஓடியது. இரண்டாவது படம் இன்னும் ஹார்ட் டிஸ்கில் தூங்குகிறது. மூன்றாவதன் திரைக்கதையைப் படித்துவிட்டு வெளிநாட்டு விழாக்காரி ஒருத்தி, மே மாதத்துக்குள் படத்தை அனுப்பு, நானே முதலில் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் அப்படி எழுதியதில்லை. உதவி இயக்குநராக இருந்த காலத்தில் யூனிட்டில் நான் ஒருத்திதான் பெண். கிளாப் அடிப்பேன், டைரக்டரின் மனைவிக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்து வாங்கி வருவேன், அவுட்டோரில் கழிப்பறை இருக்காது என்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கிடப்பேன். அப்படி வந்தவளை இந்த மருமகன் தள்ளிப் போடச் சொல்கிறான்.

கதை சின்னது. வீட்டை விட்டுப் போன மகள், தனியாக இருக்கும் அம்மாவைப் பார்க்க வருகிறாள். அம்மா முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறாள். நோயில் விழுந்து, சாகும் தறுவாயில் ஒரு வார்த்தை பேசுகிறாள். அந்த அம்மா சரியாக அமைந்தால் படம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

மத்தியானம் அம்மா அடுக்களையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் விழுந்தது. நான் நிலைப்படியில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது.

"என்னட்டி அப்படிப் பாக்குத? பொண்ணு பாக்க வந்தவ மாதிரி?"

நவம்பர் 21

தாவீது கேமராவோடு வந்தான். என் படங்கள் எல்லாவற்றுக்கும் அவன்தான் ஒளிப்பதிவு. அம்மாவைக் கீரை ஆயச் சொல்லி, பாய் சுருட்டச் சொல்லி, சும்மா உட்காரச் சொல்லி எடுத்துப் பார்த்தோம். முதல் ஷாட்டில் ஒரே ஒரு முறை லென்ஸைப் பார்த்தாள். பார்க்கக்கூடாது என்று சொன்னேன், அதற்கப்புறம் அந்தப் பக்கம் கண் போகவே இல்லை. என் அம்மா ஆவுடையம்மாள் காலமெல்லாம் சத்துணவு அமைப்பாளராக இருந்து பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்தவள். தாவீதையும் அதே குரலில் விரட்டினாள். அந்த விளக்கைத் தள்ளி வை, கண் கூசுகிறது, சாப்பிட்டாயா இல்லையா என்றெல்லாம்.

நடித்துப் பழகாதவர்களுக்கு நான் வசனத்தை முன்கூட்டிக் கொடுப்பதில்லை. எங்கே நிற்க வேண்டும், என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்வேன். மற்றதைக் கேமரா ஓடும்போது அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது முகத்தில் வருவது எந்த நடிகைக்கும் வராது. இது என் வழி, இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அம்மா சம்மதித்துவிட்டாள். நான் கேட்டால் அவள் மாட்டேன் என்று சொல்லி எனக்கு நினைவில்லை. நான் சினிமாவுக்குப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் வீட்டு வாசலுக்கே வந்து காறித் துப்பினார்கள். அவர்கள் போன பிறகு என் பெட்டியில் துணி அடுக்கிக் கொடுத்தது அம்மாதான்.

ராத்திரி அரை இட்லிக்கு மேல் இறங்கவில்லை என்று வைத்துவிட்டாள். தீபாவளி பலகாரம் தின்றதிலிருந்தே வயிறு சரியில்லையாம்.

டிசம்பர் 3

ஸ்கேன் எடுத்தோம். ஓமத் தண்ணீரில் சரியாகிவிடும் என்று சொன்னவளை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அம்மாவைப் பற்றிக் கவலைப்பட இந்த வீட்டில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள். தம்பி நம்பி நாகர்கோவிலில் மின்வாரிய வேலை, பெண்டாட்டி பிள்ளை என்று இருக்கிறான்.

டிசம்பர் 5

டாக்டர் ஹெலன் நம் ஊர் வழக்கப்படி அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

சினைப்பையில் புற்று. வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. உடனே மருந்து ஏற்ற ஆரம்பித்து, கட்டி சுருங்கியதும் ஆபரேஷன் செய்ய வேண்டும். இப்போது தொடங்கினால் நன்றாக வர நிறைய வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப் போட்டால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அடுத்த வாரமே அட்மிட் ஆகச் சொன்னார்.

முடி கொட்டுமா என்று கேட்டேன்.

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மற்றவர்கள் முதலில் வேறு ஏதாவது கேட்பார்கள் போலிருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் கொட்டிவிடும், அப்புறம் வளரும், அதையெல்லாம் இப்போது யோசிக்காதீர்கள் என்றார். பொங்கல் கழித்து வருகிறோம் என்று சொன்னேன். வேண்டாம் என்றார். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். அம்மாவிடம் நீங்கள் சொல்லுங்கள், அல்லது நான் சொல்கிறேன் என்றார். நானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னேன்.

வெளியே அம்மா பெஞ்சில் பக்கத்துப் பெண்ணுக்கு வத்தக்குழம்புப் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் என்ன சொன்னாள் என்று கேட்டாள். நீர் கோத்திருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார், பொங்கலுக்கு அப்புறம் ஒரு தடவை வரச் சொன்னார் என்றேன். சரி என்று செருப்பைத் தேடினாள்.

இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது. பயந்தே பாதியாகிவிடுவாள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாகத் தனக்கென்று ஒரு காரியம் வந்திருக்கிறது என்று சந்தோஷமாக இருக்கிறாள், எதிர்வீட்டுக்காரியிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. பாரத்தை நான் ஒருத்தி சுமந்துகொள்கிறேன். டாக்டர்கள் எப்போதும் அவசரப்படுத்துவார்கள், அது அவர்கள் தொழில்.

டிசம்பர் 6

ஷெட்யூலை மாற்றினேன். கதை நடக்கும் வரிசையிலேயே எடுக்கப் போகிறேன். அம்மா நன்றாக இருப்பதில் தொடங்கி, படுக்கையில் விழுவது வரை. யாரும் இப்படி எடுப்பதில்லை, எதற்கு என்று தாவீது கேட்டான். நடிக்கிறவர்களுக்கு நல்லது என்றேன்.

டிசம்பர் 13

முதல் நாள். மகளாக நடிக்கும் வினோதா சென்னையிலிருந்து வந்துவிட்டாள். நல்ல நாடகக்காரி. அம்மாவை வந்த உடனே ஆச்சி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள்.

படம் எடுக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் மர அறுவை மில். மார்கழி பிறந்ததும் கோயில் ஒலிபெருக்கி வேறு சேரும். லைவ் சவுண்டுக்கு வழியே இல்லை. பேசுவதைச் சும்மா பதிந்து வைத்துக்கொண்டு பிறகு டப்பிங்கில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

யூனிட் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று அம்மா சமையல்காரரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். சத்துணவுப் பிள்ளைகள்கூட இதைத் தின்னமாட்டார்கள் என்றாள். அவளோ ஒரு கரண்டிக்கு மேல் தொடவில்லை.

டிசம்பர் 20

ஆஸ்பத்திரியிலிருந்து போன். எடுக்கவில்லை. படப்பிடிப்பில் எல்லோருடைய போனும் சைலன்டில்தான் இருக்க வேண்டும், அது நான் வைத்த சட்டம்.

இதுவரை எடுத்ததை ரஷ் போட்டுப் பார்த்தேன். அம்மாவின் கழுத்து எலும்பு தெரியத் தொடங்கியிருக்கிறது. இதற்காகப் பெரிய நடிகைகள் பட்டினி கிடக்கிறார்கள். வயிறு மட்டும்தான் உப்பியிருக்கிறது. சேலையை ஏற்றிக் கட்டச் சொன்னேன்.

டிசம்பர் 27

தாவீது கண்டுபிடித்துவிட்டான். முதல் நாள் எடுத்த முகத்தையும் இன்றைய முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னிடம் காட்டினான். மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலவும் இருந்தது.

அவன் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு கேட்டான்.

"ஏன்க்கா, ஒரு விக் வச்சா போதுமே?"

அவனுக்குப் புரியவில்லை. படம் பூராவும் அம்மாவின் முகத்துக்குக் கிட்டேதான் இருக்கிறோம். நெற்றியில் விக் ஒட்டும் கோடு தெரிந்தால் அதற்கப்புறம் ஒருவரும் எதையும் நம்பமாட்டார்கள். மகள் அவளுக்குத் தலை வாரிவிடும் காட்சியை விக்கில் எடுக்க முடியுமா? எடுத்தால் சீரியல் மாதிரி இருக்கும். இதையெல்லாம் பொறுமையாகத்தான் சொன்னேன். நான் போய்விடுகிறேன் என்றான். போ என்றேன். போனால் இந்த வெளிச்சத்தில் நீ எடுத்ததெல்லாம் குப்பைக்குப் போகும், அப்புறம் எந்த விழாவில் உன் பெயர் வரும் என்றும் கேட்டேன்.

அவன் போகவில்லை. சாயங்காலம் ஷாட் வைத்தான், அழகான ஷாட். அவனுக்கும் இந்தப் படம் வேண்டும்.

ஜனவரி 2

டாக்டர் வரும் காட்சிக்கு வசனம் இரண்டு நாளாக உதைத்துக்கொண்டே இருந்தது. எப்படி எழுதினாலும் சினிமா டாக்டர் மாதிரியே பேசுகிறார். இன்று காலையில் சட்டென்று வந்துவிட்டது. ஒரே மூச்சில் எழுதினேன். எழுதுகிறவளுக்குக் காதில் விழுந்ததுதானே கைக்கு வரும்.

ஜனவரி 4

இன்று எடுத்ததுதான் இந்தப் படம்.

காட்சி இப்படி. டாக்டர் மகளிடம் அறைக்குள் பேசுகிறார், அம்மா திரைச்சீலைக்குப் பின்னால் கையில் பிளாஸ்கோடு நின்று கேட்கிறாள். டாக்டராக நடித்தவர் இங்கே ஒரு காலேஜில் பேராசிரியர். கேமரா முழுக்க அம்மாவின் முகத்தில். அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: இங்கே நின்று கேட்டுக்கொண்டே இரு.

பேராசிரியர் திருத்தமாகச் சொன்னார். இடது பக்கம் கட்டி, வயிற்றில் நீர், தீபாவளியிலிருந்தே சாப்பாடு குறைந்திருக்கும், அரை இட்லிக்கு மேல் இறங்காது, உடனே மருந்து ஏற்ற வேண்டும், அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். வினோதாவுக்கு ஒரு வரி சேர்த்திருந்தேன். அவள் கேட்டாள்: "முடி கொட்டுமா டாக்டர்?"

அம்மாவின் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. அரை இட்லி என்றபோது கண் லேசாகச் சுருங்கியது. முடி என்றபோது அவள் திரைச்சீலையைப் பார்க்கவில்லை. திரும்பி, கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். லென்ஸை இல்லை, என்னை. பிளாஸ்க் கையிலிருந்து நழுவவில்லை, இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பார்வை லென்ஸுக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது, அதனால் கதைக்குள்ளேயே யாரையோ பார்ப்பது போல இருக்கிறது. ஒரே டேக். நான் கட் சொல்ல மறந்துபோய் அது ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு அம்மா பிளாஸ்கை மேஜையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அந்த டாக்டர் சொன்னது கதையில உள்ளவளுக்கா, எனக்கா?"

கதைக்குத்தான் என்று சொன்னேன். போய்ச் சாப்பிடு என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். தாவீது கேமராவைக் கழற்றாமல் அதற்குப் பின்னாலேயே நின்றான். வேலை முடிந்தால் கழற்ற வேண்டியதுதானே.

ஜனவரி 5

அம்மா காலை ஏழு மணிக்கே சேலை மாற்றிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் எதையும் மனசில் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

ஜனவரி 9

கடைசிக் காட்சி. கேமரா வினோதாவின் முகத்தில். படுக்கையிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வரும்: நீ நல்லா இருப்பட்டி. மில் சத்தத்தில் எதுவும் பதியாது என்று தெரியும், டப்பிங்கில் வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மாவை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டேன். வினோதா நன்றாக அழுதாள்.

ஜனவரி 11

சாவுக் காட்சி எடுத்து முடித்தோம். படப்பிடிப்பும் முடிந்தது.

செத்ததாக ஒருவரைப் படுக்க வைத்து எடுத்தால், உடனே எழுப்பிச் சிரிக்க வைத்து ஒரு ஷாட் எடுத்துவிட வேண்டும் என்பது சினிமாக்காரர்களின் வழக்கம். எடுக்காவிட்டால் ஆகாதாம். எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் லைட்மேன்கள் விடவில்லை, கற்பூரம் வாங்க ஓடினார்கள். அம்மா எழுந்து உட்கார்ந்து மூக்கிலிருந்த பஞ்சை எடுத்தாள். ஆச்சி, கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிங்க என்றாள் வினோதா.

"வேண்டாம் தாயி. பொய்க்குச் செத்தவ சிரிக்கணும். எனக்கு எதுக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெளிச்சம் வேறு போய்க்கொண்டிருந்தது, பேக்கப் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 19

சொன்னபடி பொங்கல் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் சொன்ன சொல் தவறுகிறவள் இல்லை.

டாக்டர் புது ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்த முறை அம்மா வெளியே போக மறுத்துவிட்டாள். கல்லீரலுக்கும் நுரையீரல் உறைக்கும் போய்விட்டது. ஆபரேஷனுக்கு இனி வழி இல்லை, மருந்து ஏற்றலாம், நாளைக் கொஞ்சம் தள்ளலாம், அவ்வளவுதான். எத்தனை முறை போன் செய்தேன், ஏன் வரவில்லை என்று டாக்டர் என்னிடம் கேட்டார். பதில் சொன்னது அம்மா.

"படத்துல நடிச்சிக்கிட்டு இருந்தேன் டாக்டர். பாதியில வந்தா அவ பொழப்பு கெட்டுப் போவும்லா."

டாக்டர் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. படித்தவர்களுக்கு இந்த மரியாதைகூடத் தெரியவில்லை. நம்பிக்குத் தகவல் சொன்னேன். ஓடி வந்தான். எப்போது தெரியும் என்று கேட்டான். பொங்கலுக்கு முன்னால் என்றேன். எந்தப் பொங்கலுக்கு என்று கேட்டான். அவனோடு பேச முடியாது, சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்.

பிப்ரவரி 14

எடிட்டிங் நன்றாகப் போகிறது. முதல் பாதி சிக்கென்று வந்துவிட்டது. அம்மாவின் ஆஸ்பத்திரி வேலையை நம்பி பார்த்துக்கொள்கிறான்.

பிப்ரவரி 16

அம்மாவுக்கு முடி கொட்டத் தொடங்கிவிட்டது. காலையில் தலையணை முழுக்க முடி. அதைக் கூட்டி அள்ளி, பழைய தினசரித் தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். நான் அவளுடைய தலை வாரும் காட்சியைத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். திரையில் அவளுக்கு இடுப்பு வரை முடி.

"இந்தா. உனக்கு வேணும்னுதான கேட்ட. வச்சுக்கோ."

பொட்டலத்தைக் கீபோர்டு மேல் வைத்துவிட்டுப் போனாள். நோயாளிகளுக்குக் கோபம் வரும், அதைப் பெரிதுபடுத்தக்கூடாது. மத்தியானம் வரை அந்தப் பொட்டலத்தை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வேலை ஓடவில்லை.

மார்ச் 9

டப்பிங். ஜங்ஷன் பக்கத்தில் பக்திப் பாட்டுப் பதிவு செய்யும் சின்ன ஸ்டுடியோ. அம்மா வரமாட்டாள் என்று நினைத்தேன். நம்பியும் வேண்டாம் என்றுதான் சொன்னான். ஒத்துக்கொண்ட வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று அவளே கிளம்பிவிட்டாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள். ஸ்டுடியோக்காரர் நாற்காலி போட்டு, மைக்கைத் தாழ்த்தி வைத்தார்.

சும்மா சொல்லக்கூடாது, எல்லாவற்றையும் அப்படி ஒட்டிப் பேசினாள். திரையில் தன் வாயைப் பார்த்துக்கொண்டே, மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கி, திட்டும் இடத்தில் திட்டி. மகளைப் பார்த்து 'எதுக்கு வந்த, யாரு கூப்பிட்டா' என்பதை ஒரே தடவையில் முடித்தாள். ஸ்டுடியோக்காரர் கைதட்டிவிட்டார். இடையில் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டாள்.

கடைசியாக அந்த ஒரு வரி. விளக்கு எரிந்தது, வினோதாவின் முகம் வந்தது, அம்மா பேசவில்லை. மறுபடி ஓட்டினோம், பேசவில்லை. தண்ணீர் கொடுத்தேன். வசனம் மறந்துவிட்டதோ என்று நானே சொல்லிக் காட்டினேன்: நீ நல்லா இருப்பட்டி. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். பிறகு மைக்கிலேயே சொன்னாள், இங்கே ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது.

"மத்ததெல்லாம் கதையில உள்ளவ சொல்லுதது. அத எத்தன மட்டம் வேணும்னாலும் சொல்லுவேன். இது நான் சொல்லணும். எனக்கு வரல."

ஒரே ஒரு வரிம்மா, படமே அதில்தான் நிற்கிறது, இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும் என்று கெஞ்சினேன். கெஞ்சியும் பலனில்லை என்றதும் கத்தினேன். ஸ்டுடியோக்காரர் டீ வாங்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டார். அம்மா ஹெட்போனைக் கழற்றித் துண்டைச் சரி செய்துகொண்டாள்.

"வேற ஆள வச்சு சொல்லவச்சுக்கோ, பிரமு."

நம்பி ஆட்டோ கொண்டுவந்து அங்கிருந்தே அவளைக் கூட்டிக்கொண்டு போனான். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவளுடைய சேலைகளும் மாத்திரை டப்பாவும் இல்லை. நாகர்கோவிலுக்கே போய்விட்டார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெற்ற மகளுக்கு நல்லா இருப்ப என்று சொல்ல ஒரு தாய்க்கு என்ன கேடு.

மார்ச் 24

சென்னை. டப்பிங் கலைஞர் ஆனந்தவல்லி அந்த ஒரு வரியைப் பேசிக் கொடுத்தார். அம்மாவின் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அப்படியே பிடித்துவிட்டார். பேசும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நடித்தது உங்கள் சொந்த அம்மாவா, கொடுத்து வைத்தவர் நீங்கள் என்றார். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 14

வருஷப்பிறப்பு. நாகர்கோவில் போனேன். படத்தை லேப்டாப்பில் கொண்டுபோயிருந்தேன், அம்மா பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நம்பி வாசலில் வழியை விடாமல் நின்றான். உள்ளேயிருந்து அம்மாதான், வரட்டும் என்றாள்.

ஆள் சின்னதாகிவிட்டாள். தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தோம். படம் முழுவதையும் கண் எடுக்காமல் பார்த்தாள். திரைச்சீலைக் காட்சி வந்தபோது பக்கவாட்டில் அவள் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் அந்தக் குரல் வந்தது. நீ நல்லா இருப்பட்டி.

"யாருட்டி எனக்குப் பேசினது?"

மெட்ராஸில் ஓர் அம்மா என்றேன்.

"நல்ல மனசு அவளுக்கு."

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். படம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தூங்கிவிட்டாள் என்று நம்பி சொன்னான். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர் எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்டார். தலைவலி என்றேன்.

மே 14

மிக்ஸிங் முடிந்தது. காலையிலிருந்து மிக்ஸிங் தியேட்டரை விட்டு வெளியே வரவில்லை, போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கடைசி ரீலை ஓட்டிப் பார்த்தபோது சவுண்டு என்ஜினியர் எழுந்து வந்து கைகொடுத்தான். அந்தத் திரைச்சீலை ஷாட்டை எப்படி எடுத்தீர்கள் மேடம் என்று கேட்டான். சிரித்துக்கொண்டேன். டைட்டிலில் 'அம்மாவுக்கு' என்று சேர்த்தாகிவிட்டது. தாவீதுக்குச் சொன்னேன், அவன் சரி என்று மட்டும் பதில் அனுப்பினான். சாயங்காலம் தனியாகப் போய் நெய் தோசை சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல நாள்.

மே 17

படத்தை நேற்று அனுப்பிவிட்டேன். இன்று காலையில் விழாக்காரியிடமிருந்து பதில் வந்தது. பார்த்துவிட்டாளாம், அந்த அம்மாவின் முகத்தை மறக்க முடியவில்லையாம், அவரையும் விழாவுக்கு அழைத்து வர முடியுமா என்று கேட்டிருந்தாள்.

அம்மாவிடம் சொல்லலாம் என்று நம்பிக்குப் போன் செய்தேன். அவன் எடுத்தான். படத்தை அனுப்பியாகிவிட்டதா என்று முதலில் கேட்டான். அவன் அப்படிக் கேட்டதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அனுப்பியாகிவிட்டது, எல்லாம் முடிந்தது என்றேன்.

"அப்ப சொல்லலாம். அம்மா பதினாலாம் தேதி காலையில போயிட்டா. அன்னைக்கே எடுத்தாச்சு. நேத்து சாம்பலும் கரைச்சாச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை.

"அம்மாதான் சொல்லிட்டுப் போனா. அவகிட்ட இப்ப சொல்லாத, வேலை கெட்டுப் போவும். படம் முடியட்டும், பெறகு சொல்லுன்னு."

போனை வைத்துவிட்டான். நான் திரும்பக் கூப்பிடவில்லை. பதினாலாம் தேதி என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. முந்தின பக்கத்தில் நல்ல நாள் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.